வேகத்தடையில் திரும்பிய மாப்பிள்ளை

அந்தச் சாயங்காலம் மஞ்சக்குட்டைப் பிள்ளையார் கோயில் முன்னால் இருந்தவர்கள்: நான், என் அக்கா செல்வி, அந்த வாரக் கடைசியில் கல்யாணம் வைத்திருந்த ஜீப் டிரைவர் சதீஷ், அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் தாய்மாமன் பெரியண்ணன், எங்கள் வெள்ளைக் குதிரை ரைட்டர்.

இல்லாதவர் ஒருவர்தான். அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான். மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, வெற்றிலை பாக்கு வாங்கி, பல்லைக் காட்டிப் போட்டோவுக்கு நின்றவர் அவர். மறுநாளே மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு பழனிக்கு நடக்கக் கிளம்பிவிட்டார்.

தை மாதம். ஊரெங்கும் களத்தில் காப்பிப் பழம் காய்கிற புளித்த வாசனை. குளிருக்குத் தலையில் துண்டு கட்டியிருந்த பெரியண்ணன், கோயிலுக்கு எதிரே இருந்த பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வெள்ளோட்டம் பார்க்க வந்திருந்தோம். கோயிலிலிருந்து கல்யாண மண்டபம் கூப்பிடு தூரம். நேர் ரோடு. நடுவில் ஒரு வேகத்தடை. அவ்வளவுதான்.

சதீஷ் குதிரையில் ஏறினான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். ரைட்டர் கம்பீரமாக நடந்தது. வேகத்தடை வந்தது. முன்னங்கால் இரண்டையும் அதன் மேல் வைத்தது. ஒரு பெருமூச்சு விட்டது. அப்படியே வட்டமடித்துத் திரும்பி, சதீஷைக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

மறுபடி போனோம். மறுபடி திரும்பியது. மூன்றாம் முறை நான் கயிற்றைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தேன். அது கழுத்தைத் தூக்கிக்கொண்டு என்னையும் சேர்த்துத் திருப்பியது.

"ஏனுங் மாப்ள," என்றார் பெரியண்ணன், டீ டம்ளரைக் கீழே வைக்காமல். "பொண்ணு அந்தப் பக்கமுங்க."

"எனக்குத் தெரியுதுங் மாமா," என்றான் சதீஷ். "இதுக்குத்தான் தெரியல."

முதுகில் ஆள் இருந்தால் வேலை

ரைட்டர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அது தன் வேலையைத்தான் செய்தது.

ஏற்காடு ஏரிக்கரையில் குதிரை சவாரி போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் நிற்கிற இடத்திலிருந்து ரோட்டோரமாகக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவதற்குப் பெயர் ஒரு ரவுண்டு. எங்கள் ரவுண்டு ஒரு வேகத்தடை வரைக்கும். அதற்கு அந்தப் பக்கம் இறக்கம், பஸ் வளைந்து வரும் என்பதால் அங்கேயே திருப்பிவிடுவோம். எங்களிடம் வந்த நாளிலிருந்து ரைட்டர் இப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நாளில் திருப்புவதற்கு நாங்களே தேவைப்படவில்லை. மச்சான் கயிற்றைச் சேணத்தில் செருகிவிட்டுப் போனில் பேசிக்கொண்டே கூட நடப்பார். வேகத்தடையில் கால் பட்டால் குதிரை திரும்பும், அதைப் பார்த்து மச்சானும் திரும்புவார்.

இதை நாங்கள் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தோம்.

வேடிக்கை என்னவென்றால், முதுகில் ஆள் இல்லாதபோது ரைட்டருக்கு வேகத்தடை ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்கும் ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை வரை கயிற்றைப் பிடித்து நடத்தித்தான் கூட்டி வந்தேன். வழியில் எத்தனையோ வேகத்தடைகளைத் தாண்டியது. ஒன்றைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. முதுகில் ஆள் உட்கார்ந்தால் அது வேலை நேரம். இல்லாவிட்டால் லீவு.

"அப்ப ஒண்ணு பண்ணலாம்," என்றேன் சதீஷிடம். "நீ தடைக்கு முன்னாடி இறங்கிக்க. நான் தாண்டிக் கூட்டிட்டுப் போறேன். அந்தப் பக்கம் ஏறிக்க."

சுலபமான வழி. அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் பெரியண்ணன் வாயைத் திறந்துவிட்டார்.

"எதுக்குங் மாப்ள இந்தச் செரமம்? பேசாம ஜீப்புலயே வந்துருங்க. அதாச்சும் நேராப் போகும்."

சதீஷ் ஏற்காடு ஒண்டிக்கடை முக்கிலிருந்து மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். ஏழு பேர் உட்காருகிற வண்டியில் எத்தனை பேரை ஏற்றுவான் என்பதை இங்கே எழுத மாட்டேன். ஓவர்டேக் செய்தவனை அடுத்த வளைவுக்குள் திரும்ப ஓவர்டேக் செய்யாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"குதிரையிலதான் வருவேனுங்," என்றான். "இந்தப் பிள்ளையார் கோயில்ல ஏறுனா, மண்டபத்துக்குள்ளதான் என்ற காலு தரையில படும்."

"பட்டுட்டா?"

"நீங்களே சொல்லுங்க."

பெரியண்ணன் டம்ளரை இப்போதுதான் கீழே வைத்தார். "நடுவுல காலு தரையில பட்டுச்சுன்னா, ஒரு வருசத்துக்கு எங்க சொந்தத்துல ஒருத்தருகிட்டயும் ஜீப்புக்குக் காசு வாங்கக் கூடாது."

"வாங்கல. படலைன்னா?"

"என்ற தோட்டத்துக் காப்பிக்கொட்டை ஒரு மூட்டை. உங்க ஊட்டு வாசல்ல நானே இறக்கறன்."

கை அடித்துக்கொண்டார்கள். பெரியண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அவர் வளைவில் மறையும் வரை அக்கா பொறுத்திருந்தாள்.

"ஏண்டா சதீசு, மஞ்சக்குட்டையில அவங்க சொந்தம் எத்தன பேருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க்கா."

"உன்ற ஜீப்புல ஏறற ஆளுங்களே அவங்கதான்டா. மிச்சம் இருக்கறவங்களும் இதைக் கேட்டா நாளைக்கே சொந்தமாயிருவாங்க."

சதீஷ் குதிரை மேல் உட்கார்ந்தபடியே யோசித்தான். ஜீப்புக்கு இன்னும் தவணை முடியவில்லை. முகம் மெல்ல வெளுத்தது. ரைட்டர் அவன் யோசித்து முடிப்பதற்காகக் காத்திருக்கவில்லை. ரவுண்டு முடிந்துவிட்டது, இறங்க வேண்டியதுதானே என்று தலையைத் திருப்பி அவன் முழங்காலை முகர்ந்தது.

ஒரு வாசகியின் கேள்வி

ஏரிக்கரையில் நாங்கள் குதிரை வாங்கிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். குதிரைக்கு ஏன் ரைட்டர் என்று பெயர் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பதில் சொல்லிவிடுகிறேன்.

எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிறவருக்குப் பெயர் ரைட்டர். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யாருக்கு அரை நாள் என்பதெல்லாம் அவர் பேனாவில் இருக்கிறது. என் அப்பா ஆயுள் முழுக்க ஒரு ரைட்டர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். எங்கள் வீட்டில் பஸ் போர்டைப் படித்த முதல் ஆள் நான். காலேஜ் முடித்துவிட்டு வந்ததும் அப்பாவுக்கு நான் ரைட்டர் ஆக வேண்டும் என்று ஆசை. எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கு முன் மச்சானுடைய குதிரை வந்துவிட்டது.

விற்றவர் அதற்கு ஏதோ சுல்தான் என்று பெயர் வைத்திருந்தார். அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ரைட்டர்னு வைங்க," என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் லாயத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"யோவ் ரைட்டர்! இங்க வாய்யா! காலைத் தூக்கு! ம்ம், அந்தக் காலு! சொன்ன பேச்சக் கேக்கோணும், ஆமா!"

அப்பா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ரிவர்ஸ் கியர்

மறுநாள் காலை, சுற்றுலாக்காரர்கள் வருவதற்கு முன்பே ஏரிக்கரையில் கூடிவிட்டோம். ஏரி மேல் பனி. முதல் பஸ் இன்னும் மலை ஏறவில்லை. சதீஷ் குதிரை மேல், நான் கயிற்றோடு, அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

முதலில் வேகத்தடையை மறைத்துப் பார்த்தோம். கண்ணுக்குத் தெரிவதால்தானே திரும்புகிறது என்று நான் ஒரு கட்டு வைக்கோலைப் பிரித்து அதன் மேல் பரப்பினேன். ரைட்டர் வந்து நின்று வைக்கோலை ஆற அமரத் தின்றது. தடை வெளியே தெரிந்ததும் திரும்பிப் போனது.

அடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் பட்டை கட்டினோம். முன்னால் மட்டும்தான் தெரியும். அது காலால் தடவிப் பார்த்துத் திரும்பியது. ராத்திரி கரண்ட் இல்லாத வீட்டில் நாம் சுவிட்சைத் தடவுவோமே, அது மாதிரி.

"ரிவர்ஸ்ல ஏத்தலாமே," என்றான் சதீஷ்.

கேட்டதும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. நெஞ்சில் லேசாகக் கை வைத்து அழுத்தினால் ரைட்டர் பின்னால் நடக்கும், லாயத்தில் அப்படித்தான் ஒதுக்குவோம். தடைக்கு முதுகைக் காட்டி நிறுத்தி, நெஞ்சில் கை வைத்தேன். பின்னங்கால் ஏறியது. முன்னங்கால் ஏறியது. தாண்டிவிட்டது! சதீஷ் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.

"கத்தாத," என்றாள் அக்கா. "இப்ப மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குது பாத்தியா?"

முகம் நாங்கள் சவாரிக்கு நிற்கிற ஸ்டாண்டைப் பார்த்து இருந்தது. கையை எடுத்ததும் தடையைத் தாண்டி நேராக ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

"மண்டபம் வரைக்கும் ரிவர்ஸ்லயே போயிறலாமுங்க்கா."

"போலாம். ஆரத்தி எடுக்கறவ குதிரை வாலுக்கு எடுப்பா. பரவால்லையா?"

அப்போதுதான் மச்சான் போன் செய்தார். பின்னணியில் காவடிப் பாட்டும் லாரி ஹாரனும். விஷயத்தைச் சொன்னேன். "முருகன் பாத்துக்குவாரு மணி," என்றார். "மயில் மேல ஒலகத்தையே சுத்தினவரு. இதென்ன, ஒரு வேகத்தடை." வைத்துவிட்டார்.

அக்கா போன் இருந்த திசையை முறைத்தாள். "சுத்தறதுதான் இங்க பிரச்சனையே."

நீலத் தொட்டி

இந்த இடத்தில் குதிரையோடு பழகாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். குதிரை அடம் பிடிக்கிறபோது நம் கை தானாகக் கயிற்றை இறுக்கும். இறுக்க இறுக்க அது எதிர்த்து நிற்கும். நம்மைவிட ஐந்தாறு மடங்கு எடையுள்ள ஒன்றோடு இழுபறி செய்து ஜெயித்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் பலத்தை விட்டுவிட்டு, அது ஏன் அப்படிச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். காதைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். பயந்தால் ஒரு மாதிரி விறைக்கும், கோபம் என்றால் பின்னால் படியும்.

வேகத்தடையில் ரைட்டரின் காது எப்படி இருக்கிறது என்று கவனித்தேன். விறைக்கவும் இல்லை, படியவும் இல்லை. தளர்ந்து பக்கவாட்டில் தொங்கியது. திரும்பியதும்தான் இரண்டும் முன்னால் நிமிர்ந்தன.

"அக்கா, இது தடைக்குப் பயப்படல," என்றேன். "திரும்பறதுக்கு ஆசைப்படுது. திரும்பற பக்கம் என்ன இருக்குது?"

"என்ன இருக்குது, ஸ்டாண்டு இருக்குது. ஸ்டாண்டுல..."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். மரத்தடியில் எங்கள் நீல பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அதில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு கேரட் துண்டு. வேலை நடக்கிறவரை அதற்கு அதுதான் கூலி.

"தொட்டியத் தூக்கித் தடைக்கு அந்தப் பக்கம் வையி," என்றாள் அக்கா.

எனக்கு ஒரே தாவில் மண்டபம் வரை போய்விட ஆசை. அக்கா விடவில்லை. முதலில் தொட்டியைத் தடைக்கு ஒட்டி அந்தப் பக்கம் வைத்தோம். ரைட்டர் தடையில் கால் வைத்தது, வழக்கம்போல் திரும்பப் போனது, தொட்டியைப் பார்த்தது. காது இரண்டும் நிமிர்ந்தன. கழுத்தை நீட்டிப் பார்த்தது, எட்டவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு முன்னங்காலைத் தாண்டி வைத்தது. கேரட் கிடைத்தது. "போதும், இறக்குங்க," என்றாள் அக்கா. நன்றாகச் செய்தபோதே நிறுத்திவிட வேண்டும், சலித்த பிறகு நிறுத்தினால் சலிப்புதான் ஞாபகம் இருக்கும் என்பது அவள் கட்சி.

சாயங்காலம் தொட்டி இன்னும் தள்ளிப் போனது. மறுநாள் வளைவு வரை. அதற்கு மறுநாள் மஞ்சக்குட்டைக்கே தொட்டியைச் சதீஷின் ஜீப்பில் கொண்டுபோய், அந்த ஊர் வேகத்தடையில் ஆளில்லாத மத்தியான நேரமாகப் பார்த்துப் பழக்கினோம். பெரியண்ணன் கண்ணில் படாமல் இருக்க சதீஷ் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டான். கடைசித் தடவை நான் தொட்டியோடு மண்டப வாசலில் நிற்க, ரைட்டர் தடையைப் பொருட்படுத்தாமல் நீல நிறத்தைக் கண்ட திசையில் விறுவிறுவென்று வந்து மூக்கை உள்ளே விட்டது.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மண்டபம் அன்றைக்குக் காலியாக இருந்தது. காலியான மண்டபத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

வெடி வேண்டாம்

மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம். சதீஷ் தலைப்பாகையும் ஜரிகைக் கோட்டுமாகப் பிள்ளையார் கோயில் முன்னால் குதிரை ஏறினான். காலைச் சேணத்து அங்கவடியில் செருகியவன், அதைக் கீழே விட்டுவிடுவோமோ என்று பயந்து, குதிரையின் வயிற்றை அழுத்துகிற மாதிரி இறுக்கிக்கொண்டான்.

"காலைத் தளத்தி வையிடா," என்றாள் அக்கா. "இறுக்குனா ஓடச் சொல்றேன்னு நெனைச்சுக்கும்."

சதீஷின் கூட்டாளிகள் ஆயிரம் வாலா கொண்டுவந்திருந்தார்கள். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வெடி போட்டீங்கன்னா மாப்பிள்ளை சேலத்துல போய்த்தான் இறங்குவாரு. பரவால்லைன்னா போடுங்க."

போடவில்லை. மேளத்தையும் குதிரைக்கு ரொம்பப் பின்னால் போகச் சொன்னாள். கயிற்றை அவளே பிடித்துக்கொண்டாள். நான் ஓடிப்போய் மண்டப வாசலில் நீலத் தொட்டியோடு நின்றேன். தட்டில் ஆரத்தியோடு நாலு பெண்கள். பக்கத்தில் பெரியண்ணன், வெள்ளை வேட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"அது என்ன சாமி, தொட்டி?" என்றார் என்னைப் பார்த்து.

"தண்ணிங்க. குதிரைக்குத் தாகம் எடுக்குமுங்க."

"எடுக்கும், எடுக்கும். கோயிலுக்கும் தடைக்கும் நடந்துட்டே இருந்தா எடுக்காம என்ன?"

தூரத்தில் ஊர்வலம் தெரிந்தது. வேகத்தடை நெருங்க நெருங்கக் கூட்டம் அமைதியானது. பந்தய விஷயம் மஞ்சக்குட்டை முழுவதும் தெரிந்திருந்தது. ஜீப்பில் ஓசியில் போகப் போகிறவர்கள் ஒரு பக்கம், சதீஷின் கூட்டாளிகள் ஒரு பக்கம். ஒரு அம்மா தன் பையனிடம், "இன்னிக்கு அது திரும்புச்சுன்னா உனக்கு நாளையிலருந்து பள்ளிக்கோடத்துக்கு ஜீப்புதான்டா கண்ணு," என்று சொல்வது எனக்குக் கேட்டது.

ரைட்டர் தடையில் முன்னங்காலை வைத்தது. நின்றது.

நான் தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

காது நிமிர்ந்தது. தாண்டியது. சதீஷின் கூட்டாளிகள் போட்ட கூச்சலுக்கு வெடியே போட்டிருக்கலாம். பெரியண்ணன் பின்னால் கட்டியிருந்த கையை முன்னால் கொண்டுவந்து மூக்கைச் சொறிந்தார். குதிரை வாசலை நோக்கி வந்தது. ஆரத்திப் பெண்கள் கற்பூரத்தைக் கொளுத்தினார்கள்.

அப்போது ரைட்டரின் ஒரு காது மட்டும் இடது பக்கம் திரும்பியது.

பொரியல்

மண்டபத்துக்கு இடது பக்கத்தில் சமையல் கொட்டகை. பக்கம் எல்லாம் திறந்த தகரக் கொட்டகை. அதில் பாத்திர வாடகைக் கடையிலிருந்து வந்த நீலத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. எங்கள் தொட்டியின் கூடப் பிறந்தவை மாதிரி. ஒவ்வொன்றிலும், ராத்திரிப் பந்திக்காக, பொடிப் பொடியாக நறுக்கிய கேரட்.

என் தொட்டியில் இரண்டு துண்டு இருந்தது.

அக்காவுக்குக் கயிற்றை விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. ரைட்டர் ஆரத்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தது. சதீஷ் குனிந்தான். தலைப்பாகை சீரியல் பல்பில் மாட்டிக்கொண்டு அங்கேயே பச்சையும் சிவப்புமாக மின்னிக்கொண்டு நின்றுவிட்டது. ஆள் மட்டும் உள்ளே போனான்.

"அய்யோ, ஆருய்யா இது!" என்று கரண்டியோடு பாய்ந்து வந்தார் சமையல்காரர்.

"மாப்பிள்ளைங்க," என்றான் சதீஷ், குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

"மாப்பிள்ளைன்னா பந்தியில உக்காரோணும். அடுப்படிக்கு வந்தா?"

"அவரு வரலைங்க, கூட்டியாந்துருச்சு," என்று பின்னால் ஓடி வந்த நான் சொன்னேன். அதற்குள் ரைட்டர் முதல் தொட்டியில் பாதியை முடித்திருந்தது. கூட்டம் முழுவதும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. மேளக்காரர்களும் வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார்கள்.

"இறங்குப்பா," என்றார் சமையல்காரர். "இறங்கிக் குதிரைய இழு!"

இறங்க இருந்த சதீஷ் காலைப் பாதியில் நிறுத்தினான். பெரியண்ணனைப் பார்த்தான்.

"மாமா, இது மண்டபம் தானுங்களே? காலைக் கீழ வைக்கலாமுங்களா?"

பெரியண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். தாடையைத் தடவினார். "மண்டபம்னா, ஆரத்தி எடுத்து உள்ள வர்றது. இது கொட்டாய்."

"அப்ப நான் இறங்கலைங்."

"இறங்காதீங்க. ஆரு இறங்கச் சொன்னா?"

"குதிரை தின்னுட்டு இருக்குதுங்க!" என்று அலறினார் சமையல்காரர்.

இரண்டாவது தொட்டி. பெரியண்ணன் மண்டபத்தின் எல்லை எது என்பது பற்றி ஊர்ப் பெரியவர் ஒருவரோடு பேச ஆரம்பித்தார். வாடகை கொடுத்தது கொட்டகைக்கும் சேர்த்தா என்று அந்தப் பெரியவர் கேட்டார். சேர்த்துத்தான் என்றார் இன்னொருவர். தனித்தனி என்றார் ஜீப்பில் ஓசியில் போக ஆசைப்பட்ட ஒருவர். ரைட்டருக்கு இந்த வாதம் எந்த இடைஞ்சலும் தரவில்லை. நறுக்கின கேரட் அது வாழ்நாளில் பார்க்காத சுகம், கடிக்கக்கூட வேண்டியதில்லை.

"ஏனுங்க, சட்டுன்னு ஒரு தீர்ப்பச் சொல்லுங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார் சமையல்காரர். "இன்னொரு தொட்டி போச்சுன்னா பொரியல் இல்லீங்க. உங்க சொந்தத்துக்கு மொதப் பந்தியில நான் எதைப் பரிமாறறது?"

அப்போது கொட்டகைக்குப் பின்னால், மணமகள் அறை ஜன்னல் திறந்தது. பாதி அலங்காரத்தில், தலையில் ஒரு பக்கம் மட்டும் பூ வைத்தபடி, பவித்ரா எட்டிப் பார்த்தாள். கல்யாணப் பெண். பந்தயம் வைத்த இருவரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"மாமா," என்றாள் பெரியண்ணனிடம். "ஒரு வருசம் ஜீப்புல எல்லாரும் சும்மா போனா, எங்க ஊட்டு அடுப்பு எப்படி எரியும்? அதையும் சொல்லிட்டுப் பேசுங்க."

எங்க ஊடு என்று அவள் சொன்னது சதீஷின் வீட்டை. தாலி மறுநாள் காலையில்தான். பெரியண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் மடியில் வளர்ந்த பெண். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரு நிமிஷம் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது.

"மண்டபந்தான்," என்றார். "காலைக் கீழ வைங்க மாப்ள."

சதீஷின் கால் கொட்டகைத் தரையில், சிந்திய கேரட்டின் மேல் பட்டது. ஆரத்தித் தட்டு அடுப்படிக்கே வந்தது. மாப்பிள்ளைக்கு எடுத்த கையோடு, பெரியண்ணன் சொல்லி, குதிரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றிப் பொட்டு வைத்தார்கள். அது பொட்டு வைத்த விரலையும் நக்கிப் பார்த்தது.

பஞ்சாமிர்தமும் பஜ்ஜிக் கடையும்

காப்பிக்கொட்டை மூட்டையைப் பெரியண்ணன் சொன்னபடி இறக்கிவிட்டார். சதீஷின் ஜீப்பில்தான் கொண்டுவந்தார், காசு கொடுத்து. மச்சான் பஞ்சாமிர்த டப்பாவோடு பழனியிலிருந்து திரும்பினார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நான் சொன்னனில்ல, முருகன் பாத்துக்குவாருன்னு," என்றார். அக்கா அன்றைக்கு அவருக்குச் சாப்பாட்டோடு கேரட் பொரியல் மட்டும் வைத்தாள்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ரைட்டர் முடிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சேலத்திலிருந்து வந்த ஒரு பேங்க் மேனேஜரை ஏற்றிக்கொண்டு ரவுண்டு போன ரைட்டர், வேகத்தடைக்குப் போகவே இல்லை. ரோட்டோரத்து மிளகாய் பஜ்ஜிக் கடையில் நுழைந்தது. மேனேஜர் தனக்காகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு பஜ்ஜி வாங்கிக்கொண்டார். அடுத்த சவாரி, சோளக்கதிர்க் கடை. அதற்கடுத்தது டீக்கடை. ஏரிக்கரையில் தட்டு கழுவ ஒவ்வொரு கடையிலும் ஒரு தொட்டி உண்டு. எல்லாமே நீலம்.

எங்கள் தொட்டியை மட்டும் மாற்றினால் போதாது, கண்ணில் படுகிற நீலத்தையெல்லாம் எடுக்க வேண்டும் என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. குதிரைக்கு நீலம் பளிச்சென்று தெரியும், சிவப்பு அவ்வளவாகத் தெரியாது என்று கால்நடை டாக்டர் சொன்னார். நான் கடை கடையாகப் போய், உங்கள் தொட்டிக்குப் பதில் புதுச் சிவப்புத் தொட்டி வாங்கித் தருகிறோம் என்று விளக்கினேன். யாரும் மறுக்கவில்லை. பஜ்ஜிக் கடை அக்கா மட்டும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூடியோட வேணும் கண்ணு," என்றார்.

ஆறு கடை, ஆறு சிவப்புத் தொட்டி, தொட்டி இருநூற்று முப்பது. மூடி நாற்பது. மச்சான் பேரம் பேசி இருபது குறைத்தார். ஒரு வேகத்தடையைத் தாண்டிய செலவு, ஆகக்கூடி ஆயிரத்து நானூறு ரூபாய்.